சுவத்தக்கா கடையில் ஒரு கிட்டார்

ஆன்லைனில் கிட்டார் வந்து இறங்கும் நாளெல்லாம் அந்த வீட்டில் படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கும். பஸ் ஓட்டிவிட்டுக் களைத்து வரும் டிரைவரம்மாவுக்கு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிடும், இன்றைக்கும் ஒன்று வந்திருக்கிறது என்று. கூடத்தில் அட்டைத் துணுக்குகள் கிடக்கும். உள்ளே டேப் கிழிகிற சத்தம் கேட்கும். அதற்கப்புறம் கப்சிப். அவளும் கதவருகே காதைத் தீட்டிக்கொண்டு நின்றுதான் பார்த்தாள். கம்பி அதிர்வதே கேட்காது. கேட்டாலும் கொசு பறக்கிற மாதிரி ஒன்றிரண்டு. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் டேப். இந்தத் தடவை ஒட்டுகிற சத்தம்.

மறுநாள் கூரியர்காரர் வந்து பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவார். ஏன் பிடிக்கவில்லை, எதனால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அவள் வீட்டுக்காரருக்கு அதுதான் பிடித்திருந்தது.

வீட்டுக்காரர் மரப்பட்டறையில் மேஜை நாற்காலி செய்கிறவர். வேலையில் கெட்டிக்காரர், மில்லிமீட்டர் பிசகாதவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கிட்டாரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பார். சிநேகிதர்கள் கூடிவிடுவார்கள், மனுஷன் அப்போது தரையில் கால் பாவாமல் இருப்பார். போன வருஷம் அறுவை இயந்திரத்தில் இடது கை மாட்டி, மோதிர விரலும் சுண்டு விரலும் பாதியோடு போய்விட்டன. ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போது அவளை வெளியே நிற்கச் சொன்னார். இன்று வரைக்கும் அந்தக் கையை அவள் முழுசாகப் பார்த்ததில்லை. சாப்பிடும்போது அது மேஜைக்கு அடியில் இருக்கும், தெருவில் நடக்கும்போது பேண்ட் பையில் இருக்கும், தூங்கும்போது தலையணைக்குக் கீழே போய்விடும். பழைய கிட்டாரை அவள் தம்பியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். "மச்சான், இனிமே இதை வச்சு நான் என்ன பண்றது, நீ வச்சுக்க" என்று சொன்னதோடு சரி.

அப்புறம் ஆசை விட்டால்தானே. ஸ்கேலை வைத்துத் தன் கையை அளந்து, திரையில் போட்டிருக்கும் அளவோடு ஒத்துப்பார்த்து, இந்தக் கிட்டாரின் கழுத்துதான் நம் கைக்கு அடங்கும் என்று ஆர்டர் போடுவார். வரும். ஆன்லைன்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. சொன்ன அளவு சொன்னபடி இருக்கும், மூலைக்கு மூலை மெத்தை வைத்துக் குழந்தையை அனுப்புவது போல அனுப்பியிருப்பார்கள். "பேக்கிங் பாரு, என்ன சுத்தம்" என்று வீட்டுக்காரரே அசந்துபோவார். ஆனாலும் கிட்டார் திரும்பிப் போகும்.

கடைசிப் பெட்டி போன அன்றைக்கு அவர் டீயைக் குடித்தபடி சாதாரணமாகச் சொன்னார்.

"இதோட போதும். இனிமே எதுவும் வரவழைக்கல. எனக்கும் அதுக்கும் ஒத்துவராது."

டிரைவரம்மாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. என்ன சொல்கிறோம் என்று யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"எனக்கு ஒரு கிட்டார் வேணும். நான் கத்துக்கப் போறேன்."

"நீயா?"

"ஏன், ஸ்டியரிங் பிடிக்கிற கை கிட்டார் பிடிக்காதா?"

அவர் சிரித்தார். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார் என்பதால் அவள் அந்தப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டாள். போனில் பார்த்து ஆர்டர் போட்டுத் தருகிறேன் என்றார். கடையில்தான் வாங்குவேன் என்று ஒரே பிடியாக நின்றாள். தனியாகப் போனால் எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள் என்று காவலுக்குக் கூட வந்தார்.

அந்தக் கடை ஒரு கண்ணாடிக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு இருந்தது. அதை நடத்துகிற அம்மாளுக்குப் பெயர்ப்பலகையில் வேறு பெயர். ஊர் முழுக்க அவளைச் சுவத்தக்கா என்றுதான் சொல்லும். காரணம் இருந்தது. வாங்க வருகிறவர்களை அவள் சுவரைப் பார்த்து நிற்க வைத்துவிடுவாள். முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு வாத்தியமாக வாசித்துக் காட்டுவாள். எது காதுக்குப் பிடித்தது என்று சொன்ன பிறகுதான் அது என்ன நிறம், என்ன கம்பெனி, என்ன விலை என்று தெரியும். முதல் தடவை வருகிறவர்கள் நெளிவார்கள். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர் மாதிரி நிற்கிறோமே என்று கூச்சப்படுவார்கள். சுவத்தக்கா அசைந்துகொடுக்கமாட்டாள்.

"பளபளன்னு இருக்குன்னு வாங்கிட்டுப் போய், வீட்ல வச்சு அழறாங்க. அந்தப் பாவம் எனக்கெதுக்கு?" என்பாள்.

ஊரைக் கூட்டுகிற குரல். அன்றைக்கு அவள் ரிப்பேர் மேஜையில் ஒரு கிட்டாரின் வயிற்றுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னும் இரண்டு, ஆன்லைன் பெட்டியோடேயே கிடந்தன.

"ஆன்லைன்ல வாங்கினதெல்லாம் நீங்க பாப்பீங்களா?" என்று டிரைவரம்மா கேட்டாள்.

"யார்கிட்ட வாங்கினா என்னம்மா. உடம்புக்கு வந்தா டாக்டர், எந்த ஆஸ்பத்திரியில பொறந்தேன்னா கேக்கறாரு?"

டிரைவரம்மாவுக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

இதற்குள் வீட்டுக்காரர் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கிட்டாரை வலது கையால் மட்டும் எடுத்து, ஒற்றைக் கண்ணை மூடி, கழுத்து நேராக இருக்கிறதா என்று பலகையைப் பார்ப்பது போல நீளவாக்கில் பார்த்தார். இடது கை பேண்ட் பைக்குள் இருந்தது. சுவத்தக்கா கவனித்துவிட்டாள்.

"வாசிப்பீங்களா?"

"முன்னாடி வாசிச்சேன்."

"கத்துக்கப் போறது யாரு?"

"நான்தான்" என்றாள் டிரைவரம்மா.

"சொல்லிக்குடுக்கறது?"

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இவருதான்" என்று சொல்லிவிட்டாள்.

"அப்ப அவருதான் வாசிக்கணும். வீட்ல உங்க காதுல விழப்போறது அவரு கை. என் கை இல்ல" என்று சொல்லி, சுவத்தக்கா நாலு கிட்டார்களை இறக்கி பெஞ்சில் வரிசையாகச் சாய்த்து வைத்தாள்.

வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. நல்லா மாட்டிவிட்டாய் என்கிற மாதிரி மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அவரைச் சங்கடப்படுத்தவா கூட்டிக்கொண்டு வந்தாள்? இப்போது இந்த வாசலைத் தாண்டி வெளியே போனாரென்றால் மனுஷன் இனி ஆயுசுக்கும் கிட்டாரைத் தொடமாட்டார். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"இதெல்லாம் ஆன்லைன்ல இதைவிடக் கம்மிக்குக் கிடைக்கும். வா போலாம்" என்றார் அவர்.

கடைக்காரியிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? சுவத்தக்கா கோபித்துக்கொள்ளவில்லை.

"கிடைக்கும் சார். தாராளமா அங்கயே வாங்குங்க. இங்க ஒருவாட்டி கேட்டுட்டுப் போய் வாங்குங்க. கேக்கறதுக்கு நான் காசு வாங்கறதில்ல." பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினாள். "நானும் திரும்பிக்குவேன். கடைக்குள்ள ஒருத்தரும் பாக்கமாட்டோம். வாசிக்கறவரு திரும்பச் சொல்ற வரைக்கும் யாரும் திரும்பக் கூடாது. இங்க அதான் சட்டம்."

சொல்லிவிட்டு அவளே முதலில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பைக்குள் இருந்த கையை அவள் பார்த்தாளா, பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னாளா என்பது டிரைவரம்மாவுக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கவும் மனசு வரவில்லை. அவளும் பக்கத்தில் போய் நின்றாள்.

நாள் முழுக்க மூன்று கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்துப் பிழைக்கிறவள் அவள். ஏறுகிறவர், இறங்குகிறவர், ஓடிவருகிறவர் எல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பமாட்டார்கள். இங்கே பச்சைச் சுவரும் அதில் ஒரு ஆணியும்தான். பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாமல் கழுத்து குறுகுறுத்தது. காலடிச் சத்தம் கேட்டது. வாசலுக்குப் போகிறாரா? இல்லை, பெஞ்சு கிறீச்சிட்டது. உட்கார்ந்துவிட்டார்.

முதல் கிட்டாரில் ஒரே ஒரு கம்பி அதிர்ந்தது. அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். இரண்டாவதில் நாலைந்து சுரம் வந்தது, நடுவில் ஒன்று கரகரத்தது. "ச்சே" என்று அவர் முணுமுணுத்தது கேட்டது.

அந்த நேரம் பார்த்துக் கடைக் கதவு திறந்தது.

"கம்பி ஒரு செட்டு வேணும்" என்றது ஓர் ஆண்குரல்.

"வேணும்னா சுவரைப் பாத்து நில்லுங்க" என்றாள் சுவத்தக்கா, திரும்பாமலே.

வந்தவர் பழக்கப்பட்டவர் போலிருக்கிறது. மறுபேச்சில்லாமல் வந்து டிரைவரம்மாவுக்கு அடுத்து நின்றுகொண்டார். அவருக்குப் பின்னாலேயே ஒரு குண்டு அம்மாள், சலவைக் கடை மூட்டையோடு வந்தாள். வழி தவறி நுழைந்திருப்பாள். ஆனால் மூன்று பேர் நிற்பதைப் பார்த்துவிட்டு அவளும் மூட்டையை இடுப்பில் வைத்தபடி வரிசையில் சேர்ந்துகொண்டாள்.

"என்னங்க நடக்குது?" என்று கிசுகிசுத்தாள்.

"கிட்டார் வாங்கறாங்க" என்றார் கம்பிக்காரர்.

"ஓ" என்றாள் அவள், எல்லாம் புரிந்த மாதிரி.

டிரைவரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இத்தனை பேர் சேர்ந்துவிட்டார்களே, நிறுத்திவிடுவாரோ? நிறுத்தவில்லை. மூன்றாவது கிட்டாரை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிற பழைய மெட்டு. அது அவளுக்கு மனப்பாடம். முன்பெல்லாம் அதை மளமளவென்று ஓட்டுவார், பாதி வாசிப்பு, பாதி சிநேகிதர்களுக்கு முன்னால் பந்தா. இப்போது அப்படி இல்லை. நாலு விரல் வேண்டிய இடம் வந்ததும் நின்றார். யோசித்தார். அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். மறுபடியும் திரும்பி வந்து வேறு வழியாகப் போய்ப் பார்த்தார், தடுமாறினார், இன்னொரு வழியில் போனார். அடித் தந்தி ஒன்று கும்மென்று எழுந்தது.

"மூணாவதுக்குக் கழுத்து ஒல்லி. பெருவிரலை மேலேருந்து போட்டு அமுக்கறாரு, சத்தத்துலயே தெரியுது" என்று சுவத்தக்கா அவள் காதோடு சொன்னாள். "நானா இருந்தா இப்படி ஒரு வழி தோணியிருக்காது."

மெட்டு முழுசாக வரவில்லைதான். ஓட்டை விழுந்த மெட்டு. ஆனால் ஒவ்வொரு சுரமும் அவர் தேடிப் பிடித்து வைத்த சுரம். இரண்டு விரலையும் ஒரு பெருவிரலையும் வைத்துக்கொண்டு மனுஷன் எப்படி இப்படி ஒப்பேற்றுகிறார் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் சத்தமே வராமல் தடவித் தடவிப் பார்த்தவர், இங்கே இத்தனை பேர் காதில் விழட்டும் என்று தட்டி எழுப்புகிறாரே. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரைப் பற்றி இவ்வளவு பெருமையாக ஒரு நாளும் நினைத்ததில்லை. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. துடைத்தால் கையை அசைத்தது தெரிந்துவிடும் என்று அப்படியே விட்டாள்.

வாசிப்பு நடுவிலேயே நின்றது.

குண்டு அம்மாள் மூட்டையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கம்பிக்காரர் தொண்டையைச் செருமப் போய் அடக்கிக்கொண்டார்.

"அம்மா, எது பிடிச்சுது?" என்று சுவத்தக்கா கேட்டாள்.

"மூணாவது" என்றாள்.

"அதுல எத்தனை தப்பு பண்ணினேன் தெரியுமா?" என்றார் பின்னாலிருந்து அவர்.

"தெரியும். எனக்கு அதான் வேணும்."

பெஞ்சு ஒருமுறை கிறீச்சிட்டது.

"சார், நாங்க திரும்பலாமா?" என்று சுவத்தக்கா கேட்டாள்.

கிட்டாரை அவர் திரும்ப வைக்கிற சத்தம் கேட்கவில்லை. அவர் கையைப் பைக்குள் போட்டுக்கொள்ளத்தான் நேரம் எடுக்கிறார் என்று டிரைவரம்மா நினைத்தாள். போட்டுக்கொள்ளட்டும், இவ்வளவு நேரம் வாசித்ததே போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

"அவ மட்டும் திரும்பட்டும்" என்றார்.

சுவத்தக்கா அசையவில்லை. கம்பிக்காரரும் அசையவில்லை. ஒன்றும் தெரியாத அந்தக் குண்டு அம்மாள்கூடச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் திரும்பினாள். இடது கை கிட்டாரின் கழுத்தின் மேல், கடை விளக்கின் வெளிச்சத்தில், எதையும் மறைக்காமல் இருந்தது. முழுசாக இரண்டு விரல், பாதியாக இரண்டு விரல். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை, கை வைக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்துக்கணும்னு சொன்னல்ல? கிட்ட வா" என்றார். "கையை நல்லாப் பாத்துக்க."