பதினொன்றாம் நம்பர் மெஷின்

எங்கள் சேவைக் குழுவில் மொத்தம் ஒன்பது பேர். நான்கு ஜோடி, ஒரு ஒற்றை. அந்த ஒற்றை நான்தான்.

வெளிநாட்டில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளி. அங்கே தையல் மெஷின் ரிப்பேர் படிக்கிற பதினான்கு பெண்களுக்கு உதவ ஒரு மாதப் பயணம். மெஷின் தெரிந்த ஆள் ஒருத்தர் கட்டாயம் வேண்டும் என்று பள்ளியில் கேட்டிருந்தார்களாம். கார்மென்ட் கம்பெனியில் இருபத்தேழு வருடம் மெக்கானிக்காக இருந்தவள் என்று என்னைத் தேடிப் பிடித்தார்கள். கம்பெனியை மூடியபிறகு தம்பி வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். நம்மையும் ஒரு ஆளாக மதித்துக் கூப்பிடுகிறார்களே என்று தலைகால் புரியாமல் கிளம்பிவிட்டேன்.

வந்து இரண்டு வாரமாகியும் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேளை வரவில்லை. நோட்டு கொடுத்தார்கள், பேசினார்கள், போட்டோ எடுத்தார்கள், மறுபடி பேசினார்கள். நான் பைகளைத் தூக்கினேன். அந்த ஊர்ப் பாஷையில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. மொழிபெயர்க்க இருந்தது ஒரே ஒரு பெண், அங்கே படிக்க வந்த நம் பிள்ளை. அவளை எங்கள் தலைவர் தன் பக்கத்தை விட்டு நகரவிட மாட்டார். அவர் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், பேச்சென்றால் உயிர். சாப்பாட்டு அறையில் மேசைக்கு நான்கு நாற்காலி. இரண்டு மேசையில் எட்டுப் பேர் நிறைந்துவிடுவார்கள். மூன்றாவது மேசையில் நான் ராணி மாதிரி தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கடற்கரைக்குப் போவதாகப் பேச்சு. நான் குளித்துத் தயாராகி வந்து பார்த்தால் வேன் போயிருந்தது. ஒருத்தி குறைகிறாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பொய் சொல்வானேன், படியில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

பைகளைப் பள்ளிப் பட்டறையில் வைப்பதால் அதன் சாவி என்னிடம் இருந்தது. திறந்தேன். பதினான்கு மெஷின்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய நம்பர் அட்டை. முதல் மெஷினை மிதித்துப் பார்த்தேன். தையலே விழவில்லை. ஊசியைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். இரண்டாவதில் பெல்ட் தொளதொள. மூன்றாவதில் பாபின் கேஸில் ஸ்க்ரூவே இல்லை. இங்கே பாடம் நடத்துகிற மாஸ்டர் இத்தனை நாள் என்னத்தைக் கிழித்தார் என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். "உனக்கு என்னடி வந்தது?" என்று மெஷின்களிடம் பேசவும் பேசினேன். பேச வேறு யார் இருந்தார்கள்?

பதினொன்றாம் நம்பர்தான் என்னைப் படுத்திவிட்டது. மிதித்தால் பூப்போல ஓடியது. மற்றதெல்லாம் கெட்டுக் கிடக்க, இது மட்டும் எப்படி நன்றாக இருக்கும்? மூன்று மணி நேரம் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி பூட்டினேன். சரியாகிவிட்ட மெஷினுக்கு இனி அட்டை எதற்கு என்று நம்பர் அட்டைகளை அவிழ்த்துக் குப்பைக்கூடையில் போட்டேன். சாயங்காலம் வேன் திரும்பியது. "நீங்க வரலையா? பின் சீட்டுல இருக்கீங்கன்னுல்ல நினைச்சோம்" என்றார் தலைவரின் மனைவி. போகட்டும் என்று இருந்தது. அந்தப் பதினைந்து நாளில் அன்றுதான் எனக்கு நன்றாகப் பசித்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மாஸ்டர் பட்டறைக்கு வந்தார். முதல் மெஷினை மிதித்தார். இரண்டாவதை, மூன்றாவதை. பேயறைந்தவர்போல நின்றவர், பிறகு போட்ட சத்தத்தில் மொத்தக் குழுவும் ஓடிவந்தது.

மொழிபெயர்க்கிற பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. "ஆன்ட்டி, இன்னைக்குப் பத்தரைக்குப் பரீட்சை. மாஸ்டர் ஒரு வாரமா உக்காந்து இதுலெல்லாம் வேணும்னே கோளாறு வச்சிருந்தாராம். சீட்டு எடுத்து ஆளுக்கொரு மெஷின். வெளியிலேருந்து அதிகாரி வர்றார். இன்னைக்கு நடக்கலைன்னா அடுத்த வருஷம்தான். சர்டிஃபிகேட் இல்லாம இவங்களுக்கு வேலை கிடைக்காது."

"ஏம்மா, உங்களை யாரு இதையெல்லாம் தொடச் சொன்னது?" என்றார் தலைவர்.

"யாரும் எதுவுமே சொல்லலையே சார். அதான் தொட்டேன்."

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தார். "அது வேணாம்னு சொல்லும்மா. நான் சரிபண்ணினது எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, குப்பைக்கூடையைக் கவிழ்த்து அட்டைகளைப் பொறுக்கினேன்.

ஒன்றில் ஊசியைத் திருப்பினேன். இரண்டில் பெல்ட்டைத் தளர்த்தினேன். மூன்றில் ஸ்க்ரூவைக் கழற்றினேன். இருபத்தேழு வருடத்தில் ஒரு மெஷினை நான் கெடுத்ததில்லை. மாஸ்டர் பின்னாலேயே வந்து பட்டியலில் டிக் அடித்தார். ஐந்தாவது மெஷினில் அவரே ஸ்பேனரை எடுத்து நீட்டினார். பத்து வரை ஒன்றுகூடத் தப்பவில்லை.

பதினொன்றில் என் கை நின்றுவிட்டது. எதையாவது கெடுத்துவைத்துத் தப்பிக்கலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன்.

"இதுல மட்டும் நான் எதையும் கண்டுபிடிக்கலை" என்றேன். "மூணு மணி நேரம் தேடினேன். ஒண்ணும் கிடைக்கலை."

மொழிபெயர்க்கிற பெண் சொல்லக் கேட்ட மாஸ்டர் பட்டியலை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பதினொன்றுக்கு நேராக வெறும் கோடு.

"அதுல ஒண்ணுமே வைக்கலையாம் ஆன்ட்டி. குறை இல்லாததை இல்லைன்னு சொல்லத் தைரியம் இருக்கான்னு பார்க்கத்தானாம். வருஷா வருஷம் அந்த மெஷின்ல உக்கார்றவங்கதான் ஃபெயிலாம். பயத்துல நல்லதைக் கழட்டிக் கெடுத்துடுவாங்களாம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வயதில் பெண் பார்க்க வந்தவர்களிலிருந்து இன்று தம்பி மனைவி வரை என்னைக் கழற்றிக் கழற்றித்தான் பார்த்தார்கள். முரட்டுக் கை, வாய் ஜாஸ்தி, ஆம்பளை வேலை என்று ஆளுக்கொன்று கண்டுபிடித்தார்கள். நானும் நம்பிவிட்டேன். இவளுக்கு ஒரு குறையும் இல்லை, விடுங்கள் என்று ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்.

மீதி மூன்று மெஷினையும் பழையபடி கெடுத்து முடித்தேன். பத்தரைக்குப் பரீட்சை தொடங்கியது. நான் வெளியே ஜன்னலோரம் நின்றேன். பதினொன்று ஒட்டடைக்குச்சிக்குப் போனது. அந்த ஒல்லிப் பெண்ணுக்கு நான் மனதுக்குள் வைத்திருந்த பெயர் அது. மிதித்தாள், ஓடியது. மறுபடி மிதித்தாள். சுற்றிப் பார்த்தாள், எல்லோரும் எதையோ கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவளும் ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஊசித் தகட்டின் ஸ்க்ரூவைத் தளர்த்தினாள்.

தொடாதேடி என்று தொண்டை வரை வந்தது. எந்தப் பாஷையில் சொல்ல? பாஷை தெரிந்தாலும் பரீட்சையில் சொல்லலாமா?

ஒவ்வொரு மெஷினாக ஓடத் தொடங்கியது. ஒட்டடைக்குச்சி மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தளர்த்திய ஸ்க்ரூவைத் திரும்ப இறுக்கினாள். எழுந்து அதிகாரியிடம் ஏதோ இரண்டு சொல் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

பகல் இரண்டு மணிக்கு மாஸ்டர் முடிவைப் படித்தார். பதினான்கு பேரும் பாஸ். தலைவர் போட்டோவுக்கு ஆள் சேர்க்கப் போனார், மொழிபெயர்க்கிற பெண்ணும் போய்விட்டாள். ஒட்டடைக்குச்சி நேராக என்னிடம் வந்தாள். என்னை ஜன்னலில் பார்த்திருப்பாள் போல. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதபடியே அவள் பாஷையில் கடகடவென்று பேசினாள்.

"பயந்துட்டியாடி? நான் மூணு மணி நேரம் தேடினேன். நீ கெட்டிக்காரி, ஒரு ஸ்க்ரூவோட நிறுத்திட்ட" என்று தமிழில் ஆரம்பித்தேன். ஆரம்பித்தது நிற்கவில்லை. கம்பெனி மூடியது, தம்பி வீட்டில் எனக்குக் கொடுத்திருக்கிற மூலை, எப்போது திரும்புவாய் என்று ஒருத்தரும் கேட்காதது, எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் விடாமல் பேசினாள். கால் மணி நேரம் இருக்கும். அந்த நாட்டில் நான் மனசுவிட்டுப் பேசியது அவ்வளவுதான்.

தோழிகள் கூப்பிட்டதும் ஓடிவிட்டாள். படிப்பு முடிந்ததால் மறுநாள் காலையே பதினான்கு பேரும் அவரவர் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். எங்கள் பயணத்தில் இன்னும் பதின்மூன்று நாள் பாக்கி இருந்தது.