கொசு வேட்டையில் வரும் பெண்குரல்

1

இந்தக் கதை எனக்குத் தாம்பரம் ரயிலில் கிடைத்தது. பக்கத்து சீட்டுக்காரர் போனில் எதையோ சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார். ஆட்டத்தில் அவர் ஆள் செத்தான். உடனே போனுக்குள்ளிருந்து ஒரு பெண்: "பரவால்ல, எழுந்து வா. இன்னொரு வாட்டி பாத்துக்கலாம்." விளம்பரக் குரல் இல்லை. அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தவளின் குரல். குரோம்பேட்டை வருவதற்குள் மனுஷர் பல தடவை செத்தார். அத்தனை தடவையும் அவள் மன்னித்தாள். யாரிவள் என்று மண்டை குடைந்தது. நான் விசாரிக்கவில்லை. இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: சிறுசேரியின் கண்ணாடிக் கட்டடங்கள்மேல் அந்தி சாய

சீ, வேண்டாம். அந்தி எங்கே சாய்ந்தால் நமக்கென்ன?

காலேப் சிறுசேரியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவன். வீட்டில் சொந்தமாக ஒரு ஆட்டம் செய்தான்: 'கொசு வேட்டை'. வெள்ளம் நின்ற தெருக்களில் நாய் சைஸ் கொசுக்களைச்* சுட்டுக்கொண்டே போகணும். மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். செத்தால் மறுபடி முதலிலிருந்து. தெருக்கள் இடம் மாறியிருக்கும். சேர்த்த பலத்தில் கொஞ்சம் மட்டும் மிச்சம் நிற்கும். செத்தவனைத் திரும்பக் கூப்பிட ஒரு குரல் வேண்டியிருந்தது. பதிவில் எதிரொலி வராதிருக்க, மனைவி ஜோசலினை பீரோவுக்குள் புடவைகளுக்கு நடுவே தலையை விடச் சொன்னான்.

"என்ன சொல்லணும்?"

"என்கிட்ட எப்பவும் சொல்லுவியே, அதையே சொல்லு."

சொன்னாள். கடைசி வார்த்தையோடு குக்கர் விசிலும் சேர்ந்து பதிவாயிற்று. அதை வெட்டிவிட அவனுக்கு மனசு வரவில்லை.

(* மிகை என்பவர்கள் மழை முடிந்து, தண்ணீர் தேங்கி நிற்கும் முடிச்சூர் பக்கம் வந்து பார்க்கவும்.)

3

ஜோசலின் அவனை விட்டுப் பிரிந்துபோனாள். ஏன்? காரணமாக இன்னொரு பெண்ணை எழுதிப் பார்த்தேன். [அடித்துவிட்டேன். அந்தச் சாமர்த்தியமெல்லாம் காலேப்புக்குக் கிடையாது.]

ஆட்டம் வெளிவரும் நாளில்தான் ஜோசலினின் அப்பாவுக்கு அடக்கம். "நீ முன்னாடி போ, அஞ்சு நிமிஷத்துல வர்றேன்" என்றான். இதே ஐந்து நிமிஷத்தை அவளுடைய பிறந்தநாளிலும் கேட்டிருக்கிறான், அவளுக்குக் காய்ச்சல் கொதித்த அன்றும் கேட்டிருக்கிறான். ஒவ்வொரு முறையும் அவள் பரவால்ல என்றிருக்கிறாள். அன்று கல்லறைத் தோட்டத்துக்கு மூச்சிரைக்க ஓடிவந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள். அவள் பக்கத்தில் போய் நின்றான். அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தான். பாவிப்பயல், அங்கேயும் காத்திருந்தான்! அவள் சொல்லவில்லை.

4

அனகாபுத்தூரில் அம்மா வீட்டோடு போய்விட்டவளிடமிருந்து, ரொம்ப நாள் கழித்து ஒரு போன் வந்தது.

"காலேப், என் குரலை எடுத்துடு."

"ஜோ..."

"பஸ்ல பக்கத்துல யாரோ ஆடுறாங்க. நான் பரவால்ல, பரவால்லன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். எனக்குப் பரவால்ல இல்ல, காலேப். உன்கிட்ட இருக்கற ஃபைலையும் அழிச்சிடு. இல்லன்னா அதைப் போட்டுக் கேட்டு, உன்னை நீயே மன்னிச்சுக்குவ."

"எடுத்துடறேன். ஒரு அஞ்சு நி..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் வைத்துவிட்டாள்.

5

குரல் இல்லாத புதிய பதிப்பு தயார். அனுப்பினால் எல்லார் போனிலும் அவள் வாயடைத்துப் போவாள். அவளுடைய பழைய வாய்ஸ் மெசேஜ்களையெல்லாம் போனில் இடம் போதவில்லை என்று இவனே அழித்தவன். இவனிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். கடைசியாக ஒரு தரம் கேட்க ஆட்டத்தைத் திறக்கிறான். ஆட்டத்துக்குள் அவளைக் கேட்கணும் என்றால் சாகணும். துப்பாக்கியைத் தொடாமல், கொசுக்களுக்கு நடுவே சும்மா நிற்கிறான்.

முடிவு ஒன்று: அழிக்கிறான்; அவள் திரும்பி வருகி [பொய். வரமாட்டாள்.]

முடிவு இரண்டு: அழிக்காமல், தினமும் [இதை எழுதக் கை கூசுகிறது.]

நான் எழுதமாட்டேன். அடுத்த முறை தாம்பரம் ரயிலில் யாராவது 'கொசு வேட்டை' ஆடினால், அவர் சாகும்வரை காத்திருங்கள். குக்கர் விசில் கேட்டால், காலேப் இன்னும் அந்த ஐந்து நிமிஷத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். ஒன்றும் கேட்காவிட்டால், அவள் கேட்டதை ஒரு தடவையாவது செய்துவிட்டான். அவளுக்கு அதைச் சொல்ல அவனுக்கு முகமில்லை. அனகாபுத்தூர் பக்கம் போனால் நீங்கள் சொல்லிவிடுங்கள்.