நாடி பார்த்தவன்

அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் குனிந்திருந்தான் சின்னவன். கட்டைவிரலுக்கு அடியில் மெல்லிய துடிப்பு.

"ஓடுதாடா?" என்றாள் அம்மா.

"ஓடுதும்மா."

மாலைக் கல்லூரியில் விலங்கியல் படிப்பதால் அந்த வீட்டுக்கு அவன் பாதி டாக்டர். அது எந்தப் பாதி என்று அக்கா கேலி செய்வாள். இப்போது டாக்டரைக் கூட்டிவர ஓடியிருந்தாள். சந்தேகம் தீராமல் மறுபடி அழுத்திப் பார்த்தான். இருந்தது. முன்பைவிட வேகமாகவே இருந்தது.

அம்மா ஈரத்துணியால் அப்பாவின் உதட்டை நனைத்தாள். "டாக்டர் வந்துட்டே இருக்காரு. கொஞ்சம் பொறுத்துக்குங்க." தண்ணீர் உள்ளே போகாமல் கன்னத்தில் வழிந்தது.

டாக்டர் வந்து கழுத்தைத் தொட்டார். இமையை விலக்கி டார்ச் அடித்தார். "போய் ரொம்ப நேரம் ஆச்சேம்மா."

"இப்பதான் ஓடுதுன்னானே. சொல்லேன்டா."

"எந்த விரல்ல பாத்தப்பா?"

கட்டைவிரலைக் காட்டினான்.

"அந்த விரல்லயே துடிப்பு இருக்கும்ப்பா. நீ பாத்தது உன்னோடது."

டாக்டர் போனதும் அக்கா முன்னறை மேஜையைக் காட்டினாள். "ஆளுங்க வருவாங்க. அந்தக் கண்றாவிய மொதல்ல எடு."

செய்முறைத் தேர்வுக்குப் பழகுவதற்காக அவன் அறுத்துக்கொண்டிருந்த கரப்பான்பூச்சி. பாதியில்தான் அம்மா கூப்பிட்டாள். மெழுகுத் தட்டில், உப்புநீருக்கு அடியில், தலையில்லாமல், வயிறு திறந்து மல்லாந்து கிடந்தது. முதுகோட்டின் உட்புறத்தில் நூல் போன்ற இதயம். அது வாலிலிருந்து கழுத்தை நோக்கிச் சுருங்கியது. நின்றது. மறுபடி சுருங்கியது.

அம்மா பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"செத்துடுச்சா இது?"

"செத்துடுச்சும்மா."

"அப்ப அது என்னடா அசையுது?"

"இதுக்கு நம்மள மாதிரி ரத்தக்குழாய்லாம் கிடையாதும்மா. உடம்புக் குழி முழுக்க ரத்தம் நிரம்பியிருக்கும், உறுப்பெல்லாம் அதுலயே ஊறிக் கிடக்கும். தலை போனாலும் கொஞ்ச நேரம்..."

தட்டைக் கையில் எடுத்தான்.

அம்மா கட்டிலுக்குத் திரும்பிப் போனாள். அப்பாவின் கையை மடியில் எடுத்து, அவன் பிடித்த அதே இடத்தில் கட்டைவிரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஓடுது," என்றாள்.

அவன் தட்டை ஏந்தியபடி, நீர் தளும்பாமல் நின்றான்.