சம்பளம் இல்லாதவர் கையெழுத்து

1

இந்தக் கதை எனக்கு ஓர் ஓய்வுக்காலச் சேமிப்பு அலுவலகத்தில் கிடைத்தது. முகவரி மாற்றப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். கவுண்டரில் இருந்த அம்மா சொன்னார்:

"சம்பளம் இல்லாதவங்க பேர்லயும் கணக்குத் தொடங்கலாம் சார். உங்க வீட்டம்மா சம்பளத்துலேர்ந்து கட்டுவாங்க. நீங்க இங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

அவன் படிவத்தை மூன்று முறை படித்தான். "எனக்கு வேண்டாம்" என்றான். அவள் படிவத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். இருவரும் வெளியே போனார்கள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

"உழைத்தவருக்கே ஓய்வு" – இல்லை, இது அந்த அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தது.

"திருமணம் என்பது இருவர் சேர்ந்து போடும் ஒரு" – எதைப் போடுகிறார்கள் என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

2

முதல் வரைவில் கணவன்தான் சம்பாதித்தான். மூன்று பக்கம் வந்தது. மனைவி கண் கலங்கினாள். கிழித்துப் போட்டேன். கண்ணால் பார்த்ததையே மாற்றி எழுதும் அளவுக்கு என் கை பழகிப்போயிருக்கிறது.

இன்னொரு பழக்கம்: கணவனை 'அவர்' என்றும் மனைவியை 'அவள்' என்றும் எழுதுவது. சம்பாதிக்கிறவருக்குத்தான் அந்த மரியாதை என்றால் இங்கே மாற்றிப் போட வேண்டும். மாற்றிப் பார்த்தேன். அவளுக்கு மாமியார் களை வந்துவிட்டது. ஆகவே இருவருக்கும் சமமாக மரியாதையைக் குறைத்துவிட்டேன்.

அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வாள். அவன் தரைக்கு டைல்ஸ் ஒட்டியவன். இருபது வருடம் மண்டியிட்டே வேலை செய்ததில் இரண்டு முட்டியும் போயின. அந்த முட்டிகளைப் படம் எடுத்தவளும் அவளேதான். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இனிமே வேண்டாம்" என்றாள். அதற்கு ஒன்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து சமையல், துணி, மகள் படிப்பு எல்லாம் அவன் பாடு. (மகள் இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இந்தக் கதைக்குள் வர அவளுக்கு நேரமில்லை.)

[விதியையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வுக்காலக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்தான் பணம் போடலாம். ஆனால் கல்யாணமானவர்களில் ஒருவருக்குச் சம்பளம் இல்லையென்றால், மற்றவர் தன் சம்பளத்திலிருந்து இவருக்கும் போடலாம். போட்ட பிறகு அது இவருடைய பணம். போட்டவரே நினைத்தாலும் எடுக்க முடியாது; இவர் எடுக்கலாம், கொஞ்சம் அபராதம் பிடிப்பார்கள்.]

3

அலுவலகம் போவதற்கு ஒரு வாரம் முன்பே அவள் பேச்சை எடுத்திருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் என்று வைத்துக்கொள்வோம்.

"உங்க பேர்ல தனியா ஒரு கணக்குத் தொடங்கலாம்னு இருக்கேன்."

"இருக்கிற கணக்குக்கு என்ன வந்துச்சு?"

"அது என் பேர்ல இருக்கு."

"உன் பேர்ல இருந்தா என்ன, என் பேர்ல இருந்தா என்ன?"

"அதான் நானும் சொல்றேன். உங்க பேர்லயும் இருக்கட்டுமே."

அவன் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

மறுநாள் பழைய கூட்டாளிக்குப் போன் போட்டான். கூட வேலை செய்தவன். எதிலும் கோணல் கண்டுபிடிப்பதால், தரைமட்டம் பார்க்கும் கருவியின் பெயரில், 'ரசமட்டம்' என்று பட்டப்பெயர்.

"தனித்தனியாவா?" என்றான் ரசமட்டம். "பார்த்துக்கடா. எங்க வீட்லயும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல பணம் தனி. அப்புறம் ரூம் தனி. இப்ப வீடே தனி."

அன்றிலிருந்து அவள் தாமதமாக வந்தால் கடிகாரத்தைப் பார்த்தான். போனில் சிரித்தால் யாரென்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அவளுடைய சீருடையை இஸ்திரி போடும்போது பையைத் துழாவினான்.

(இந்த வரியை இரண்டு முறை அடித்தேன். இவன் பை துழாவுகிற ஆள் இல்லை என்று என் மனம் சொன்னது. ஆனால் பயந்த மனுஷன் எப்படிப்பட்ட ஆள் என்று அவனுக்கே தெரியாது. இருக்கட்டும்.)

பையில் இருந்தது தலைவலி மாத்திரை, பாதி அட்டை. அதைத் திருப்பி வைத்துவிட்டு, காலரை இன்னொரு தரம் தேய்த்தான்.

அவள் கூப்பிட்டபோது அலுவலகத்துக்கு வந்தான். வேண்டாம் என்றான். அதை நானே பார்த்தேன்.

4

வெளியே போனபின் அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

வாசலில் பதினோரு படி. முட்டி வலியால் அவன் பக்கவாட்டில் இறங்குவான். அவள் ஒரு படி கீழே நின்று காத்திருப்பாள். ஐந்தாவது படியில் அவன் நின்றான்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. என்னை விட்டுட்டுப் போகப் போறியா?"

"நானா?"

"பின்ன எதுக்குத் தனிக் கணக்கு?"

அவள் கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"நீங்க போகணும்னா போகலாம்னுதான்."

(இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். அவள் இப்படிச் சொல்வாள் என்று எனக்கும் தெரியாது.)

"என்ன உளர்றே?"

"ஒன்பது வருஷமா செருப்பு வாங்கறதுக்குக்கூட எங்கிட்ட சொல்லிட்டுத்தான் வாங்கறீங்க. நான் சுள்ளுன்னு ஏதாவது சொன்னாலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசறதில்ல. வேலைக்குப் போற காலத்துல இப்படியா இருந்தீங்க? கத்துவீங்க, கதவை அடிச்சுச் சாத்துவீங்க. பிடிச்சு இருக்கீங்களா, போக்கிடம் இல்லாம இருக்கீங்களான்னு எனக்குத் தெரியல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

"பிடிச்சுத்தான் இருக்கேன்னு சொல்லுவீங்க. கையில காசில்லாதவர் வேற என்ன சொல்லுவார்?"

படியேறி வந்த ஒருவர் இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார். ஒன்பது வருடமாக அவளிடம் பயந்தது தனக்கு மட்டுமே தெரியும் என்று அவன் நினைத்திருந்தான். அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்றதும் முகம் சுட்டது. கூடவே, ஏனென்று தெரியாமல், நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. அவன் அழுகிறான். (அழவில்லை. முயன்று பார்த்தேன்.)

ஆ. "உன் பணம் எனக்கெதுக்கு, நீ போதும்" என்கிறான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவள் சந்தேகம் அப்படியே இருக்கும். கையில் காசில்லாதவர் சொல்கிற வசனம்தானே இதுவும்.

இ. அவன் கையை நீட்டி, "அந்தப் படிவத்தைக் குடு" என்கிறான். வாங்கிக்கொண்டு, பக்கவாட்டில், திரும்ப ஐந்து படி ஏறுகிறான்.

மூன்றாவதை எடுத்துக்கொண்டேன். மற்ற இரண்டிலும் அவளுக்குக் கடைசிவரை விடை தெரியாது. கவுண்டர் அம்மா மடிப்பை நீவி விட்டுப் படிவத்தை வாங்கிக்கொண்டார்.

"யோசிச்சிட்டீங்களா சார்? அப்புறம் இது உங்க பணம். பிரிஞ்சாலும் உங்களோடது, பிரியலைன்னாலும் உங்களோடது."

"தெரியும்" என்றான் அவன்.

5

கதை அங்கேயே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் கணக்கு என்று ஒன்று தொடங்கினால் வருடம் முடிந்து கடிதம் வந்துதானே தீரும்.

வந்தது. உறையில் அவன் பெயர். கிழித்து, தொகையைப் படித்தான். பெரிய தொகை இல்லை. ஆனால் ஓர் அறைக்கு முன்பணம் கொடுக்கவும் சில மாதம் சாப்பிடவும் போதும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. போட்டதற்காக அவன் வெட்கப்படவில்லை. அன்று காலை மருந்துச் செலவு பற்றி அவள் ஏதோ சொல்ல, அவன் பதிலுக்குக் கத்தி, கதவை அடித்துச் சாத்தியிருந்தான்.

சாயங்காலம் அவள் வந்தாள். மேசையில் கடிதத்தைப் பார்த்தாள். சீருடையை மாற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப, போகலையா?"

அவன் வாஷிங் மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"துணி ஓடிட்டிருக்கு. அலசி முடியட்டும்."

மெஷின் முடிய இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருக்கிறது. அவள் முகத்தில் சிரிப்பா வேறு ஏதாவதா என்று நான் எழுதப்போவதில்லை. இதைப் பதிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று உங்கள் வீட்டில் சம்பளம் வாங்காதவர் யாரோ, அவரிடம் கேளுங்கள். முதலில் அவர் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கிவிட்டுக் கேளுங்கள்.