நாலு விரல் கறை

1

இந்தக் கதை எழுத நான் உட்காரவில்லை. ஒரு தோல்பையைத் துடைக்க உட்கார்ந்தேன். துடைத்து முடிக்க முடியாமல் போனதால் எழுதுகிறேன். கதை பிறந்த விதம் இவ்வளவுதான், இதற்கு மேல் அலங்காரம் ஒன்றும் இல்லை.

என் பெயர் அன்னத்தாய். ஊர் மலையடிவாரத்துக் கூடலூர். பாதி ஆயுசு ஜீப்பில் மலையேறிப் போய், கேரளத்து ஏலக்காட்டில் காய் எடுத்தேன். இனி ஏற மாட்டேன் என்று இடுப்பு சொல்லிவிட்டது. இப்போது பழைய தோல்பைகளை வாங்கி, வீட்டிலேயே துடைத்துப் புதுக்கிக் கொடுக்கிறேன். எழுத்து தெரிந்தது பேரப்பிள்ளை பிறந்த பிறகு, மாலை வகுப்பில். அதனால் என் வாக்கியங்கள் மெதுவாகத்தான் வரும். ஏற்றத்தில் முக்குகிற ஜீப்பைப் போல

(வேண்டாம். இந்தக் கதையில் ஜீப்பை உவமைக்கு எடுக்கக் கூடாது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: “ஜக்கம்மா செத்து வருசம் திரும்பிய பிறகு அவள் பை என் வீட்டுக்கு வந்தது.”

பொய் இல்லை. ஆனால் முதல் வரியிலேயே அவளைக் கொன்றுவிட்டால், அவள் எப்படி இருந்தாள் என்று நீங்கள் எதற்குக் கேட்கப் போகிறீர்கள்?

இரண்டாவது தொடக்கம்: “மேற்கு மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு”

அங்கேயே விட்டுவிட்டேன். மேகம் எங்களுக்கு அன்றாடம் இறங்குகிறது. அதற்கும் ஜக்கம்மாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மூன்றாவது இது. இதை வைத்துக்கொள்கிறேன்.

ஜக்கம்மா அந்தப் பையோடு முதல்முறை வந்த அன்றைக்கு, டிரைவர் பாண்டியராஜன் ஜீப்பை விட்டு இறங்கிக் கும்பிட்டான்.

“வாங்க மேனேஜரம்மா. முன்சீட்டத் தொடச்சு வச்சிருக்கேன்.”

“தள்ளிக்கடா. வண்டிய ஒழுங்கா ஓட்டு, ஒனக்கு பிரமோசன் போட்டு விடுறேன்.”

“உள்ள என்ன மதினி, ஆபீசு பைலா?” இது நான்.

“ஆமா மதினி. நேத்து வச்ச கருவாட்டுக் கொழம்பு பைலு.”

ஜீப்பே சிரித்தது. எஸ்டேட்காரர் மனைவி தூக்கிப் போட இருந்த பை அது. மழைக்காலத்தில் மலைமேல் தோல் சாமான் எல்லாம் பூஞ்சணம் பிடித்துவிடும். ஜக்கம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். காப்பிக்கொட்டை நிறம், தடித்த தோல், ஒற்றைக் கைப்பிடி, மஞ்சளாக மின்னும் ஒரு கொக்கி. எங்களில் யாரும் அப்படி ஒன்றைத் தூக்கியதில்லை. நாங்கள் துணிக்கடைக் கட்டைப்பையில் தூக்குச்சட்டியைக் கொண்டுபோகிறவர்கள். அவளோ மழைக்குப் போர்த்தும் கொங்காணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் அந்தப் பையோடு, நிமிர்ந்து நடந்து காட்டுக்குள் போவாள்.

ஒரு நாள் எஸ்டேட் பாதையில் ஜீப் கவிழ்ந்தது. பாண்டியராஜன் பிழைத்துக்கொண்டான். ஜக்கம்மா பிழைக்கவில்லை. நான் அப்போது வேலையை விட்டிருந்தேன். (கதை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் சொல்கிறவள் தலையில் ஒரு தப்பைச் சுமத்துவார்களாம். வகுப்பில் சொன்னார்கள். என்னிடம் அப்படி ஒன்று இல்லை. இருப்பதை மட்டும் எழுதுகிறேன்.)

3

பையை எடுத்துக்கொண்டு வந்தது அவள் மகள் திரிஷா. கைப்பிடியில் ஒரு துண்டைச் சுற்றித் தூக்கி வந்தாள். தோல் கையில் உறுத்தும் என்று சுற்றியிருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

“அத்தை, இதப் புதுசு மாதிரி ஆக்கித் தரணும். முகூர்த்தத்துக்குள்ள.”

வாங்கி மடியில் வைத்தேன். எந்தப் பை வந்தாலும் நான் முதலில் பார்ப்பது கொக்கியைத்தான். பாதிக் கொக்கி மஞ்சள், பாதி வெள்ளை.

“இத யாரு தேச்சது?”

“நாந்தான். கல்யாண வீடுன்னு குத்துவெளக்கெல்லாம் தேச்சோம். அதோட சேத்து இதையும் புளியப் போட்டு…”

“பித்தளைன்னு நெனச்சியாக்கும்?”

“மஞ்சளா இருந்துச்சே அத்தை.”

எங்கள் பக்கத்தில் மஞ்சளாக மின்னும் எதைக் கண்டாலும் கை புளிக்குத்தான் போகும். பித்தளை புளிக்குப் பளிச்சென்று ஆகும். இது மேலே ஏற்றிய பூச்சு. பூச்சை வெறும் சோப்பு நுரையில் பழைய பல்துலக்கும் பிரஷால் மெதுவாகத் துடைக்க வேண்டும், அதுவும் தோலில் படாமல் கொக்கிக்கு அடியில் ஓர் அட்டையைச் செருகிக்கொண்டு. அவள் தேய்த்த தேய்ப்பில் பாதி கழன்று, உள்ளே இருந்த வெள்ளைத் தகடு தெரிந்துவிட்டது.

“திரும்ப வராதா?”

“போனது போனதுதான் தாயி. மிச்சத்தக் காப்பாத்தலாம்.”

அவள் முகம் சுண்டிப்போனது. பிறகுதான் விசயத்தைச் சொன்னாள். அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை ஊர் ஜெயமங்கலம். தாரை வார்க்கும்போது அப்பனுக்குப் பக்கத்து மணையில் அம்மா உட்கார வேண்டும். இல்லாத அம்மாவுக்குப் படம் வைப்பார்கள். ஜக்கம்மாவுக்கு இருப்பது அடையாள அட்டையில் எடுத்த படம் ஒன்றுதான்.

“அதுல இருக்குறது எங்கம்மா இல்லத்தை. பயந்துபோயி முழிக்கிற வேற யாரோ. இந்தப் பையத்தான் அம்மான்னு எனக்குத் தெரியும். மணையில இத வைக்கணும்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாக?”

“மாப்பிள்ளையோட பெரியம்மா, பஞ்சம்மாள்னு பேரு, அவுக சொன்னாக: ‘பைய வைக்கட்டும், வேணாங்கல. ரத்தக்கறையோட வைக்கலாமா? சபை என்ன சொல்லும்?’”

“ரத்தமா? எங்கன இருக்கு ரத்தம்?”

அவள் துண்டை அவிழ்த்தாள். கைப்பிடியின் அடிப்பக்கம் கறுப்பாக இருந்தது.

“ஜீப்பு கவுந்தப்ப பட்டது. நா இதத் தொடவே மாட்டேன் அத்தை. துணியச் சுத்தித்தான் எடுப்பேன்.”

4

கதையாக இருந்தால் இந்த இடத்தில் பையிலிருந்து ஏலக்காய் மணக்க வேண்டும். நானும் முகர்ந்து பார்த்தேன். மணக்கவில்லை. பழந்தோலும் கருவாடும்தான் அடித்தது.

மணம் தேவையும் இல்லை. கறையே பேசியது. ஏலச்செடியின் சாறு கையில் பட்டால் கறுக்கும். சோப்புக்குப் போகாது, மண்ணெண்ணெய்க்குப் போகாது. கல்யாண வீட்டுப் பந்தியில் நாங்கள் முந்தானைக்குள் விரலை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்தது உண்டு. அந்தக் கையோடு தினமும் சாயங்காலம் ஜக்கம்மா பிடித்த இடம் இது. அடியில் நாலு விரல். மேலே, சற்று தள்ளி, ஒரு கட்டைவிரல்.

“ஏ ஆத்தா, இங்கன பாரு. ரத்தம்னா தெறிச்சிருக்கும், ஒழுகியிருக்கும். இது ஒரு நாளுல பட்டது இல்ல. பட்ட எடத்துலயே தினம் தினம் பட்டது. ஏலக்காக் கறை இது.”

“அப்ப இது…”

“ஒங்கம்மா கை.”

திரிஷா கையை நீட்டினாள். தொடவில்லை. நீட்டிய கையைச் சுடிதாரில் துடைத்தாள், ஈரமாக இருந்ததைப் போல. பிறகு தொட்டாள்.

(இதற்கு மேல் அவள் அழுதாளா என்று எழுதப் பார்த்தேன். எழுதிய வரியை எடுத்துவிட்டேன். அது அவளுடையது.)

மறுநாள் போனில் பேசினாள். பஞ்சம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். வந்த பதில்: “ஏலக்காயோ எதுவோ தாயி, பாக்குறவகளுக்கு ரத்தமாத்தான தெரியும். ஒவ்வொருத்தரையா கூப்புட்டு வெளக்கம் சொல்லவா முடியும்?”

“இப்ப என்ன செய்ய?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியல அத்தை. நீங்க என்ன செஞ்சு குடுத்தாலும் சரி. சுத்தமா இருந்தா மணையில வைக்கிறேன். இல்லாட்டி…”

அந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டது அவள். நான் இல்லை.

5

பஞ்சம்மாளைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

முதலில் அவளை இப்படி எழுதியிருந்தேன்: “தடித்த சங்கிலி, தடித்த குரல், வெற்றிலையைத் துப்பிவிட்டு”. நான் அவளைக் கண்ணால் பார்த்ததே இல்லை. சங்கிலியும் வெற்றிலையும் நான் மாட்டியவை. ஒரு கெட்டவள் இருந்தால் கதை நகர வசதி என்று மாட்டினேன்.

தோலைத் துடைப்பதில் ஒரு முறை இருக்கிறது. எந்தச் சோப்பானாலும், எந்தச் சாயமானாலும், முதலில் மூடிக்கு உள்பக்கம், யார் கண்ணுக்கும் படாத மூலையில் ஒரு துளி தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே தோல் நிறம் மாறினால், வெளியே கை வைக்கக் கூடாது. பஞ்சம்மாளையும் அப்படி மூலையில் தொட்டுப் பார்த்தேன். ‘இந்தப் பொண்ணு வந்த அன்னைக்கே ரத்தக்கறை’ என்று நாளைக்கு எவராவது திரிஷாவைப் பேசிவிடக் கூடாதே என்று அவள் பயந்திருக்கலாம். பையை அவள் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அதை நான் கேட்டும் கேட்காததுபோல எழுதியிருக்கிறேன்.

சங்கிலியைக் கழற்றிவிட்டேன். கெட்டவள் இல்லாததால் கதை இன்னும் கடினமாகிவிட்டது.

6

மற்ற வேலை எல்லாம் முடிந்தது. உள்துணியை வெளியே இழுத்துத் தட்டினேன். காய்ந்த இலைத்தூள் கொட்டியது, ஒரு சேஃப்டி பின் கிடைத்தது. பின்னை உள்ளேயே குத்தி வைத்தேன். பூஞ்சணத்தை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பிழிந்த துணியால் ஒற்றினேன். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும் என்பதால் நிழலில் ஆறவைத்தேன். ஜிப்பில் மெழுகுவர்த்தியை ஓட்டினேன். தோலுக்குப் போடும் களிம்பை விரலில் தொட்டு மெல்லிசாகத் தடவினேன். கொக்கி பாதி வெள்ளையாகவே இருக்கிறது. பாக்கி கைப்பிடி.

கைப்பிடிக்குச் சாயம் ஏற்றலாம். ஆனால் சாயம் பிடிக்க வேண்டுமானால் முதலில் ஸ்பிரிட் தொட்டு மேல்தோலை வழிக்க வேண்டும். கறையில் பாதி அதோடு போகும். மீதியைச் சாயம் மூடும்.

என் வீட்டுக்காரர் சுருளியாண்டி வாசலில் நின்று பார்த்தார்.

“ஏ புள்ள, ஒரு பைக்கு இம்புட்டு ரோசனையா? மையத் தடவி அனுப்பிவிடு.”

“தடவுனா அது போயிரும்.”

“போகத்தான குடுத்தாக?”

“ஆமா.”

“பொறகென்ன?”

பதில் இருந்தால் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு முடிவு: சாயம் ஏற்றுகிறேன். பை மணையில் உட்காருகிறது, மாலையோடு. சபையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தாரைத் தண்ணீர் விழும்போது திரிஷா திரும்பிப் பார்க்கிறாள். கடையில் வாங்கியதைப் போல ஒரு பை இருக்கிறது.

இன்னொரு முடிவு: விட்டுவிடுகிறேன். மணை காலி. ஜக்கம்மாவின் லோயர் கேம்ப் வீட்டில், பூட்டிய கதவுக்குள், ஆணியில் பை தொங்குகிறது. எல்லோரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். ஜக்கம்மா மட்டும் போகவில்லை.

மூன்றாவது ஒன்றும் எழுதினேன். நானே ஜெயமங்கலம் போகிறேன். பஞ்சம்மாள் கைப்பிடியைப் பிடித்துப் பார்க்கிறாள். அவள் விரலும் அந்த நாலு இடத்தில் சரியாக உட்காருகிறது. கண் கலங்கி, ‘வைங்க மணையில’ என்கிறாள். இதைப் படித்துக் காட்டியபோது மாலை வகுப்பு அனுசுயா டீச்சருக்கு ரொம்பப் பிடித்தது.

“இதையே வையுங்களேன் அன்னத்தாய்.”

“நடக்குமா டீச்சர்?”

“நடக்கணும்னு ஆசையா இருக்கு” என்றார்.

எனக்கும் அதே ஆசைதான். ஆசைக்காக எழுதினால் அது புளி போட்டுத் தேய்ப்பது மாதிரி. அடித்துவிட்டேன். அடித்த கோட்டுக்கு அடியில் எழுத்து தெரிகிறது. தெரியட்டும்.

7

இன்று காலை ஸ்பிரிட் புட்டியைத் திறந்தேன். துணியில் நனைத்தேன். கைப்பிடியை இடது கையில் பிடித்தபோது என் விரல்களைப் பார்த்தேன்.

வெளுத்திருந்தன.

பாதி ஆயுசு என் கையில் இருந்த கறை. பேனா பிடித்து முதல்முதலில் ‘அ’ எழுதிய அன்றைக்குக்கூட இருந்தது. தாளில் படுமோ என்று பயந்து பயந்து எழுதினேன். அது எப்போது போனது? நான் பார்க்கவே இல்லை. ஒரு நாள் தோசை சுடும்போது போயிருக்கலாம். ஒரு நாள் யாருடைய பையையாவது துடைக்கும்போது போயிருக்கலாம். என்னோடு ஜீப்பில் வந்தவர்களில் மலையேறுவதை நிறுத்திய ஒவ்வொருத்தி கையிலிருந்தும் இப்படித்தான் போயிருக்கும். யாரும் துடைக்கவில்லை. தானாகப் போனது.

ஜக்கம்மா கையிலிருந்து மட்டும் போகவில்லை. போவதற்கு அவளுக்கு நாள் கிடைக்கவில்லை.

துணியில் ஸ்பிரிட் உலர்ந்துவிட்டது. மறுபடி நனைத்தேன். மறுபடி உலர்ந்தது.

முகூர்த்தம் நாளைக்கு. திரிஷா வருகிற நேரம். புட்டி திறந்திருக்கிறது, சாயம் கலக்கி வைத்திருக்கிறேன், மணை ஒன்று ஜெயமங்கலத்தில் காலியாக இருக்கிறது. ‘நீங்க என்ன செஞ்சு குடுத்தாலும் சரி’ என்று சொன்னவளிடம் ‘நீயே சொல்’ என்று திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் அந்த முடிவை உங்களிடம் கொடுக்கிறேன். இவ்வளவு நேரம் கூட இருந்தவர் நீங்கள்தான்.

கை நீட்டுங்கள். கனமாக இருக்காது. அடியில் தாங்கி வாங்க வேண்டாம், களிம்பு இன்னும் காயவில்லை. துண்டும் வேண்டாம், அதை மடித்து வைத்துவிட்டேன்.

கைப்பிடியில் பிடித்து வாங்குங்கள். பிடித்த பிறகு சொல்லுங்கள்.