இருபத்தைந்து எழுத்து

ஸ்டிக்கரைச் சுரண்டச் சொன்னது நான்தான். இங்கே இவ்வளவு சுலபமாக வருகிற வார்த்தை, சொல்ல வேண்டிய இடத்தில் வரவில்லை.

சூலூர் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமே என் தலையில்தான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் லேத்திலிருந்து லாரி வரைக்கும் கழுவித் துடைப்பார்கள். சர்வருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டா என்ன? அது இருக்கிற இரும்பு கேபினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்த மாசாணியம்மாள், "ஏனுங்க சார், இதுல என்னமோ சீட்டு ஒட்டியிருக்குதுங்க. பொட்டு வெக்க எடமில்லீங்க" என்றார். நான் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "சுரண்டிப் போட்டுருங்கக்கா" என்றேன். பிளேடால் சுரண்டி, தேங்காய் எண்ணெய் தொட்டுப் பசையையும் எடுத்துவிட்டுத்தான் சந்தனம் வைத்தார். அந்த அக்காவுக்கு அரைகுறை வேலை தெரியாது.

அரைகுறை வேலையெல்லாம் என்னுடையது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய டிஸ்க்கை அழித்துவிட்டு சர்வரைப் புதுப்பித்தேன். திங்கள் காலை, பம்ப் வரைபடம் போடுகிற சாஃப்ட்வேர் திறக்க மாட்டேன் என்றது. இருபத்தைந்து எழுத்து லைசன்ஸ் கீயைக் கொடு என்று கேட்டது. டிசைனர் சைத்ராதான், "அது கேபினெட் ஸ்டிக்கர்ல இருந்துச்சே சார்" என்றாள். விற்ற டீலர் கடையை மூடிவிட்டுப் போய் வருஷக்கணக்காகிறது. சாஃப்ட்வேர் கம்பெனிக்கு எழுதினால், இவ்வளவு பழைய பதிப்புக்கு உதவி கிடையாது என்று பதில். வியாழக்கிழமை அனுப்ப வேண்டிய வரைபடம் உள்ளே மாட்டிக்கொண்டது.

முதலாளி திருமலைசாமி நேராக சர்வர் அறைக்கே வந்துவிட்டார்.

"கீ ஸ்டிக்கர்ல இருந்துச்சுங்க. யாரோ கிழிச்சுட்டாங்க" என்றேன்.

யாரோ! அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் என் வாயிலேயே நாலு போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

யார் என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மாசாணியம்மாளைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். "சொரண்டுனது நானுங்க" என்றவர், அடுத்த வார்த்தை சொல்லாமல் என்னைப் பார்த்தார். மீதியை நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன்.

"நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்றார் முதலாளி. ஒன்பது வருஷ வேலை, அவ்வளவுதான். மாசாணியம்மாள் துடைப்பத்தை அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் அந்த அக்காவிடமிருந்தே போன் வந்தது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் தேறியிருப்பேன்.

"சார், எம்புள்ள மதிவதனி போன்ல போன வருசத்துப் பூசை போட்டோ கெடக்குதுங்க. அந்தச் சீட்டும் தெரியுதுங்க. வாட்சப்புல அனுப்பச் சொல்லீருக்கறனுங்க. மொதலாளிகிட்ட நடந்ததை ஒரு வார்த்தை சொல்லிப் போடுங்க சார். புள்ளைக்கு இன்னும் ஒரு வருசம் காலேசு இருக்குதுங்க."

"கண்டிப்பா சொல்றேன்க்கா" என்றேன். அந்த நிமிஷம் சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

படம் வந்தது. மாலை போட்ட கேபினெட்டுக்குப் பக்கத்தில் புதுச்சேலையில் மாசாணியம்மாள் விறைப்பாக நிற்கிறார். பின்னால் ஸ்டிக்கர். படத்தைப் பெரிதாக்கி எழுத்து எழுத்தாகப் படித்தேன். இருபத்துநான்கு தெளிவாகத் தெரிந்தது. கடைசி எழுத்தின் மேல் குங்குமம். அந்த இடத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுப் பார்த்ததில் பதினேழாவது தடவை சாஃப்ட்வேர் திறந்துகொண்டது. சைத்ரா கை தட்டினாள்.

முதலாளி வந்து என் தோளில் தட்டினார். "பரவால்லியே கிருபா! எங்கிருந்து புடிச்ச?"

மாசாணியம்மாள் என்று சொல்லலாம். சொன்னால், அந்தம்மாவைச் சுரண்டச் சொன்னது யார் என்ற கேள்விக்கும் வந்து சேர வேண்டும்.

"பழைய பேக்கப் ஒண்ணுல இருந்துச்சுங்க" என்றேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது மறுபடி மாசாணியம்மாளின் போன். எடுக்காமல் விட்டேன். இரண்டாவது தடவை எடுத்தேன்.

"தொறந்துச்சுங்களா சார்?"

"தொறந்துருச்சுக்கா."

"மொதலாளிகிட்டச் சொன்னீங்களா?"

"எல்லாம் சொன்னேன்க்கா. அவர்தான் கேக்க மாட்டேன்னுட்டார்."

"போகுதுங்க சார். எனக்கோசரம் நீங்க பேசுனதே போதுமுங்க" என்றார் மாசாணியம்மாள். "சொன்னதுக்கு உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவலீங்களே?"