பன்னிரண்டு மணி அழைப்பு

அலுவலகத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். முகத்துக்கு நேரே கத்தரி அண்ணன், முதுகுக்குப் பின்னால் வெறும் கத்தரி. டிவியில் ஓடி முடிந்த நிகழ்ச்சிகளைத் தவறவிட்டவர்கள் போனில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சேனல் ஒரு ஆப் நடத்துகிறது. நேரலையும் அதிலேயே ஓடும். ஒளிபரப்பில் வந்த விளம்பரங்களை நறுக்கிவிட்டு, நிகழ்ச்சியை மட்டும் அந்த ஆப்பில் ஏற்றுவது அவர் வேலை. இரண்டு மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினாலும் நேயர்கள் கருத்துப் பகுதியில் வந்து கழுவி ஊற்றுவார்கள். காசு கொடுக்காமல் பார்ப்பவர்களுக்கு வரும் கோபம் இருக்கிறதே, அது தனி ரகம்.

ஒன்பது வருடமாக இதைச் செய்கிறார். ஆனால் எந்த நிகழ்ச்சியையும் அவர் பார்த்தது கிடையாது. விளம்பரம் தொடங்கும் முன் பத்து விநாடி, முடிந்த பின் பத்து விநாடி, அவ்வளவுதான் அவர் பார்ப்பது. பிரபலமான ஒரு சீரியலின் கதாநாயகி நாலு வருடமாக அழுகிறாள் என்பது அவருக்குத் தெரியும். எதற்கு அழுகிறாள் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். "உங்ககிட்ட போய் கதை கேட்டேன் பாருங்க" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அன்று மதியம் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன வாரம் புதன்கிழமை நிகழ்ச்சிக்குப் பதிலாகச் செவ்வாய்க்கிழமையதை ஏற்றிவிட்டார். மேனேஜர் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, "இன்னொரு தடவை நடந்தா வேற செக்‌ஷன்தான் சார். எனக்கும் வேற வழியில்ல" என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த மெதுவான குரல்தான் அவரைத் தூங்கவிடாமல் அடித்தது. அதிலிருந்து ஒவ்வொரு தேதியையும் மூன்று முறை சரிபார்க்கிறார். சரிபார்த்தோமா என்று நாலாவது முறையும் பார்க்கிறார்.

மணி இரண்டே கால். 'டாக்டரிடம் கேளுங்கள்' பதிவைத் திறந்தார். பன்னிரண்டு மணிக்கு நேரலையில் ஓடி, ஒரு மணிக்கு முடிந்தது. மூன்றுக்குள் ஏற்ற வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் இடைவேளைக்குத் தாவினார்.

"...கோபப்பட்டுருவாரோன்னு பயமா இருக்கு டாக்டர்" என்றது ஒரு பெண் குரல். தொகுப்பாளினி சிரித்த முகத்தோடு, "லைன்லயே இருங்கம்மா, சின்ன இடைவேளைக்கு அப்புறம் பேசலாம்" என்றாள்.

அவர் கை நின்றது. இருபத்தெட்டு வருடமாகக் காலையில் முதலில் கேட்கும் குரல் அது. பேசுவதற்கு முன் லேசாகக் கனைத்துக்கொள்வதுகூட அப்படியே இருந்தது. உடம்புக்கு என்னவோ ஏதோ, நம்மிடம் மறைத்துவிட்டாளே என்று பதறிக்கொண்டு பின்னால் ஓட்டி, அழைப்பின் தொடக்கத்திலிருந்து கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்லங்க. என் வீட்டுக்காரருக்குத்தான். வயசு அம்பத்தாறு. பேர் வேணாம்மா."

"சொல்லுங்கம்மா, என்ன பிரச்சனை?"

"மறதி டாக்டர். சாவிய மறக்கறது, கண்ணாடிய மறக்கறதுன்னா பரவாயில்ல. குளிச்சுட்டு வந்து, தலைகூட காயல, மறுபடியும் துண்ட எடுத்துட்டுக் குளிக்கப் போறார். மகளுக்குப் பிறந்த நாள் வாழ்த்து சொல்ல ஒரே நாள்ல மூணு தடவை போன் பண்ணியிருக்கார். மூணு தடவையும் புதுசா, அதே சந்தோஷத்தோட. அவ மூணு தடவையும் சிரிச்சுகிட்டே வாங்கிகிட்டு, அப்புறம் எனக்குப் போன் பண்ணி அழறா." ஒரு கனைப்பு. "முந்தாநேத்து எங்க தெருவத் தாண்டிப் போய் எங்கயோ நின்னுகிட்டு எனக்குப் போன் பண்ணினார். வழி தெரியலன்னு சொல்லல டாக்டர். 'நீ எங்க இருக்க'ன்னு கேட்டார்."

அவருக்கு முதலில் வந்தது கோபம். சுத்தப் பொய். மகளுக்கு ஒரு தடவைதான் போன் செய்தார், நன்றாக நினைவிருக்கிறது. ஊர் உலகமெல்லாம் பார்க்கிற நிகழ்ச்சியில் போய்க் குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாளே! கையோடு போனை எடுத்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாமா என்று நினைத்தார். முந்தாநாள் மாலை எந்த வழியாக வீட்டுக்குப் போனோம் என்று யோசித்துப் பார்த்தார். அதற்கு முந்தின நாள் நினைவுக்கு வந்தது. முந்தாநாள் வரவில்லை. கோபம் இருந்த இடம் தெரியாமல் போனது.

இடைவேளைக்குப் பின் டாக்டர் பூசி மெழுகாமல் பேசினார். வைத்த இடத்தை மறப்பது வேறு, வைத்ததையே மறப்பது வேறு என்றார். இதற்குக் காரணங்கள் பல, சிலவற்றைச் சரி செய்துவிடலாம், தள்ளிப்போடாமல் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள் என்றார். "அவர்கிட்ட நேரா சொல்லிடுங்கம்மா. மறைக்காதீங்க."

"அவர் உடைஞ்சு போயிடுவார் டாக்டர். அந்த வேலைதான் அவருக்கு எல்லாமே. தப்பு பண்ணிடக் கூடாதுன்னு தூக்கத்துலகூட தேதிய முணுமுணுக்கறார்."

அவர் எந்த நிகழ்ச்சியையும் பார்ப்பதில்லை என்ற தைரியத்தில்தான் பேசியிருக்கிறாள். பேச்சு நடுவில் இடைவேளை வந்து விழும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அது இருக்கட்டும், இங்கே அவள் குரல் தெரியாதவர்கள் யார்? அவர் போனை எடுக்காவிட்டால் அலுவலக எண்ணுக்கு அடிப்பாள். மேனேஜரே இரண்டு முறை எடுத்துப் பேசியிருக்கிறார். இந்த அழைப்பு ஆப்பில் ஏறி, அதை மேனேஜர் கேட்டுவிட்டால், நாளைக்கு இந்த மேசை இவருக்கு இல்லை.

நறுக்கிவிடலாம் என்று முடிவு செய்தார். மொத்தம் எட்டு நிமிடம். முந்தைய அழைப்பு முடிந்து தொகுப்பாளினி சிரிக்கும் இடத்தில் ஒரு குறி. மனைவியின் அழைப்பு முடிந்து தொகுப்பாளினி மறுபடி சிரிக்கும் இடத்தில் இன்னொரு குறி. சிரிப்போடு சிரிப்பு சேர்ந்துவிடும், எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்து மேசையைப் பார்த்தார், கண்ணாடி அறையைப் பார்த்தார், மறுபடியும் பக்கத்து மேசையைப் பார்த்தார். திருட்டுத்தனம் செய்து பழக்கமில்லாதவர், வியர்த்துக் கொட்டியது. நறுக்கியதற்குக் காரணம் என்ற கட்டத்தில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று அடித்துவிட்டு ஏற்றும் பொத்தானை அழுத்தினார்.

'இந்த நிகழ்ச்சி ஏற்கெனவே ஏற்றப்பட்டுவிட்டது' என்றது திரை.

மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதையே சொன்னது. பக்கத்து மேசையில் நிகழ்ச்சிகளுக்குத் தலைப்பும் இரண்டு வரி கதைச் சுருக்கமும் எழுதும் பெண் இருந்தாள். "தங்கச்சி, இந்த சிஸ்டத்துக்கு என்ன கேடு? பன்னெண்டு மணி நிகழ்ச்சிய ஏத்த மாட்டேங்குது."

"அது அப்பவே ஏறிடுச்சே அண்ணே" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யார் ஏத்தினது?"

"நீங்கதான். ஒன்றரைக்கே. 'இன்னிக்கு என்ன அண்ணே இவ்வளவு வேகம்'னு நான்கூட கிண்டல் பண்ணினேனே?"

அவர் தன் போனில் ஆப்பைத் திறந்தார். நிகழ்ச்சி அங்கே இருந்தது. தேதி சரி. ஓட்டிப் பார்த்தார். தொகுப்பாளினி சிரித்தாள், அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அடுத்த நேயரை வரவேற்றாள். நடுவில் அழைப்பு எதுவும் இல்லை. சிரிப்போடு சிரிப்பு அத்தனை சுத்தமாக ஒட்டியிருந்தது. கீழே ஒரு நேயர், 'லைவ்ல ஒரு அம்மா பேசினாங்களே, அது எங்க?' என்று கேட்டிருந்தார். பதிவேட்டைத் திறந்தார். நேரம் ஒன்று முப்பத்திரண்டு. காரணம், தொழில்நுட்பக் கோளாறு. ஏற்றியவர் என்ற இடத்தில் அவருடைய எண்.

அப்படியென்றால் அவள் சொன்னது எதுவும் பொய்யில்லை. இதே குரலை இதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டு, இதே போலப் பதறி, இதே இடத்தில் நறுக்கியிருக்கிறார். அதில் ஒரு துளிகூட அவரிடம் மிச்சமில்லை. மனைவிக்குப் போன் போட்டார்.

முதல் மணியிலேயே எடுத்தாள். "என்னங்க, பஸ் ஏறிட்டேன். இருபது நிமிஷத்துல வந்துருவேன். கீழ வாசல்லதானே நிக்கறீங்க?"

"வாசல்லயா?"

"நிக்கறேன்னு சொன்னீங்களே."

"எப்ப சொன்னேன்?"

பஸ் இரைச்சலுக்கு நடுவே அவள் கனைத்துக்கொண்டாள். "ஒண்ணே முக்காலுக்குப் போன் பண்ணினீங்க. டிவில நான் பேசினதக் கேட்டுட்டேன்னு சொன்னீங்க. இன்னிக்கே டாக்டர்கிட்ட போயிடலாம், வந்து கூட்டிட்டுப் போன்னு நீங்கதாங்க சொன்னீங்க."

"கோபப்பட்டேனா?"

"இல்லங்க. அழுதீங்க. ஒரு வார்த்தைகூட கோபமா பேசல."

அவர் கண்ணை மூடித் திறந்தார். எழுந்து நின்றார். "நீ போன வெச்சுடாத. வந்து சேர்ற வரைக்கும் எதையாவது பேசிகிட்டே இரு" என்றார்.

"வெக்க மாட்டேன். நீங்க கீழ எறங்குங்க."

பக்கத்து மேசைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தைக் கண்டதும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கத்தரி போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவளிடம் குனிந்தார்.

"தங்கச்சி, நான் கீழ வாசலுக்குப் போறேன். என் வீட்டுக்காரி வர்றா. ஒருவேளை நான் திரும்பி வந்து இங்க உக்காந்துட்டேன்னா, எழுப்பி மறுபடியும் கீழ அனுப்பிடு."